ஆராய்ச்சிக்கா, நிலத்துக்கா?

காட்டுயிர்களுக்காகக் கொஞ்சம் பணம் ஒதுக்கிவிட்டு, ஆராய்ச்சிக்குத் தருவதா, அவை வாழும் நிலத்தை வாங்கிக் காக்கத் தருவதா என்று குழம்புகிறவர்களுக்கு இது.

செலவு: ஆராய்ச்சியில் சின்னத் தொகைக்கும் வேலை உண்டு, தானியங்கி கேமராவுக்கு பேட்டரி, மெமரி கார்டு வாங்கினாலே உதவிதான். நிலம் வாங்குவதென்றால் பலரது பணம் சேர வேண்டும்.

நீடிப்பு: விலங்கின் கழுத்தில் மாட்டி அதன் நடமாட்டத்தைக் கண்காணிக்கும் ரேடியோ காலரின் பேட்டரி சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும், ஆனால் விலங்கு எந்த வழியாக நடக்கிறது என்ற தகவல் மிஞ்சும். நிலம் தலைமுறைகளுக்கு நிற்கும், அதுவும் காவல், களையெடுப்பு, வரி இதற்கெல்லாம் தனி நிதி வைத்திருந்தால் மட்டும். இதைக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

சரிபார்ப்பு: பணம் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க, நிலத்துக்குப் பத்திரம். ஆராய்ச்சிக்கு அறிக்கை, பெரும்பாலும் தாமதமாகத்தான் வரும்.

வலசைப் பாதை எங்கே என்றே தெரியாத இடமா, ஆராய்ச்சிக்குக் கொடுங்கள். பாதை தெரிந்து, அதன்மேல் மனை போட ஆள் வந்துவிட்டால் நிலத்துக்கு. அப்புறம், 'இந்தத் திட்டத்துக்கு மட்டும்' என்று எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் பொது நிதியில் கலந்துவிடலாம்.