இன்ஹேலரும் நானும்: 9 வருஷத்தில் தொண்டை, தோல், கண்

பீடி 25 வருஷம், இன்ஹேலர் 9 வருஷம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்தவன் நான், விடியும் வரை தொண்டை கிழியக் கத்தி விலை சொல்வதுதான் பிழைப்பு. சிஓபிடி, அதாவது நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய், என்று தெரிந்ததும் மூச்சுக்குழாயை விரிக்கிற ஃபார்மோடெராலும், புடெசொனைடு என்ற ஸ்டீராய்டு 400 மைக்ரோகிராமும் சேர்ந்த, பொடியாக இழுக்கிற கேப்ஸ்யூலை, காலை ஒன்று ராத்திரி ஒன்று என்று எழுதிக் கொடுத்தார்கள். மூச்சுக்கு நல்ல பலன், அதில் குறை சொல்ல மாட்டேன்.

முதலில் போனது குரல். மல்லி கிலோ எண்ணூறு என்று இழுத்தால் ‘எண்’ மட்டும் வெளியே வரும், மிச்சமெல்லாம் காற்று. "என்னண்ணே, ரகசியம் பேசுறீகளா?" என்று பக்கத்துக் கடைப் பையன் கேட்டான். அப்புறம் நாக்கில் வெள்ளை படிந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பு என்று நினைத்து ஸ்பூன் காம்பால் வழித்தேன், அடியில் சிவந்து எரிந்தது, அன்றைக்கு ரசம் சோறுகூட இறங்கவில்லை. டாக்டர் பார்த்ததும் கேட்டது ஒரே கேள்வி: "மருந்து இழுத்ததும் வாய் கொப்பளிக்கிறீங்களா?" இல்லையே! இழுக்கிற மருந்தில் பெரும்பங்கு வாயிலும் தொண்டையிலுமே தங்கிவிடுமாம், அதில் பூஞ்சை பிடித்திருக்கிறது. க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்து தடவி இரண்டு வாரத்தில் நாக்கு சரியானது. குரலுக்குக் கொப்பளிப்பது மட்டும் போதவில்லை, பொடியை விட்டு, ஸ்பேசர் என்கிற குழாய் வைத்து அடிக்கிற ஸ்பிரேக்கு மாற்றிய பிறகுதான் கொஞ்சம் தேறியது.

இதற்கு நடுவில் நான் செய்த முட்டாள்தனம் ஒன்று. ஸ்டீராய்டு எலும்பை அரித்துவிடும் என்று பூ வாங்க வந்தவர் சொன்னதைக் கேட்டு நானாக நிறுத்தினேன். பதினோரு நாள் தாங்கியது. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் அழகரைப் பார்க்கப் போனவனை ஆட்டோவில் போட்டுத் தூக்கிப் போனார்கள். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தினம் 40 மில்லிகிராம், 5 நாள். கணக்குப் போட்டுப் பாருங்கள், 200 மில்லிகிராம். தினம் 800 மைக்ரோகிராம் இழுத்தால் அந்த எடையை எட்ட 250 நாள் ஆகும். இரண்டும் வேறு வேறு மருந்து, வெறும் எடையை வைத்து ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் ஸ்டீராய்டுக்குப் பயந்து ஓடினவன், அதுவும் மாத்திரையாக, ரத்தத்தில் நேராகக் கலக்கிற மாதிரி வாங்கிக்கொண்டேன்.

அதற்காகப் பயம் முழுக்கப் பொய் என்று சொல்லவில்லை. ஆறாம் வருஷம் முன்கையில் சாக்குக் கயிறு உரசினாலே நாவற்பழம் நசுங்கின மாதிரி கன்றிப்போக ஆரம்பித்தது, தோல் அப்படி மெலிந்துவிட்டது. கண்புரை, கண் அழுத்தம் இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு என்பதால் வருஷம் ஒருமுறை அண்ணாநகர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் காட்டுகிறேன், இதுவரை கண் நன்றாக இருக்கிறது. எலும்புக்கு ஒரு ஸ்கேன் எடுத்தார்கள், அதிலும் பெரிதாக ஒன்றுமில்லை.

எட்டாம் வருஷ மார்கழியில் நிமோனியா வந்தது. சிஓபிடிக்காரர்களுக்கு இழுக்கும் ஸ்டீராய்டால் அந்த ஆபத்து கூடும். 6,000 பேருக்கு மேல் 3 வருஷம் கவனித்து 2007-ல் வெளியான டார்ச் ஆய்வில் ஃபுளுட்டிகசோன் என்ற இழுக்கும் ஸ்டீராய்டு எடுத்தவர்களிடம் அதைக் கண்டார்கள். டாக்டர் ரத்தத்தில் ஈசினோபில் என்கிற ஒரு வகை வெள்ளை அணுக்களை எண்ணச் சொன்னார். 80 வந்தது. 100-க்குக் கீழே இருந்தால் ஸ்டீராய்டால் கிடைக்கிற லாபம் குறைவு, 300-க்கு மேல் என்றால் அதை நிறுத்தத் தயங்குவார்கள். என் கணக்கு 100-க்குக் கீழே இருந்ததால் ஸ்டீராய்டை நிறுத்திவிட்டு, மூச்சுக்குழாயை விரிக்கிற கிளைக்கோபைரோனியம், ஃபார்மோடெரால் இரண்டையும் கொடுத்தார். இதை முதல் வருஷமே எண்ணியிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் உண்டு.

புது மருந்தில் வாய் வறள்கிறது, ராத்திரி சிறுநீர் கொஞ்சம் நின்று நின்று போகிறது. புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்கள் இதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கடையில் இப்போது விலை சொல்வது மகன். என் குரல் முக்கால்வாசி திரும்பிவிட்டது, போனில் மட்டும் இன்னமும் "யாரு பேசுறது?" என்று இரண்டு தடவை கேட்கிறார்கள்.