தானாக விழுந்த கல்லா, போய் அள்ளிய மண்ணா?

பூம்பாறையில் பூண்டு போட்டிருக்கும் என் மச்சானுக்கு விண்வெளிச் செய்தி என்றாலே நக்கல். ஐப்பசி மழையில் கரண்ட் போய் அடுப்படியில் உட்கார்ந்திருந்த ஒரு ராத்திரி, பென்னு சிறுகோளிலிருந்து வந்த 121.6 கிராம் மண்ணைப் பற்றி நான் ஆரம்பித்ததும், "ஏன் மாப்ள, அதான் கல்லு தானா வந்து விழுதே, அதை விட்டுட்டு நூறு கோடி டாலருக்கு மேல கொட்டி அங்க போயி அள்ளணுமா?" என்றார். நியாயமான கேள்விதான், அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலில், விழுகிற கல்லெல்லாம் இதற்கு ஆகாது. நம்ம கொடைக்கானல் பெயரிலேயே ஒரு விண்கல் உண்டு, 1898-ல் கண்டெடுத்தது, கிட்டத்தட்ட 16 கிலோ. ஆனால் இரும்பு. 2008-ல் ஓசூர் பக்கம் சூளகிரியில் விழுந்தது பாறைதான், அதுவும் அது உடைந்து வந்த தாய்க்கோளுக்குள்ளேயே நன்றாக வெந்துபோன வகை. உயிருக்கு மூலப்பொருளான கரிமச் சேர்மம் தேடுகிறவர்களுக்கு அதிகம் வேகாத, கரிக்கட்டை மாதிரி கறுத்த கல் வேண்டும்.

அந்த வகையில் ராஜா, 1969 செப்டம்பர் 28-ல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த கல். சுமார் 100 கிலோ பொறுக்கினார்கள். விழுந்த இடத்தில் ஸ்பிரிட் வாடை அடித்ததாக ஊர்க்காரர்களே சொன்னார்கள். ஆய்வுமுறை நமக்குப் பழக்கமானதுதான்: கல்லைப் பொடியாக்கி, கண்ணாடிக் குழாயில் தண்ணீரோடு போட்டு மூடி, 100 டிகிரியில் ஒரு நாள் முழுக்க வைத்து டிகாஷன் இறக்குவது. அந்த டிகாஷனில் இதுவரை, புரதத்துக்குச் செங்கல் மாதிரியான அமினோ அமிலங்கள் என்ற வகையில் 70-க்கும் மேல் சிக்கியிருக்கின்றன, 2019-ல் ரைபோஸ் என்ற சர்க்கரையும் கிடைத்தது. கல் நிறைய இருப்பதால் உலகத்தில் எந்த ஆய்வகமும் வாங்கிச் சோதிக்கலாம், ஒருவர் சொன்னதை இன்னொருவர் சரிபார்க்கலாம். இது சின்ன விஷயமில்லை.

குறை என்ன? மழைக்காலத்தில் தோல் செருப்பை மூலையில் ஒரு வாரம் விட்டால் பூசணம் பூக்கும் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தரையில் கிடந்த கல்லில் மண்ணின் ஈரம், கிருமி, பொறுக்கியவரின் கைவியர்வை எல்லாம் ஏறும். போதாக்குறைக்கு மனிதக் குறும்பு வேறு. 1864-ல் பிரான்சின் ஓர்கேயில் விழுந்த கல்லின் ஒரு துண்டில் விதை இருப்பதை நூறு வருஷம் கழித்துப் பார்த்தார்கள், கடைசியில் யாரோ பசை போட்டு ஒட்டி, கரித்தூள் பூசி மறைத்த வேலை அது. இன்னொன்று, கல்லுக்கு விலாசம் கிடையாது. வடுகபட்டி சந்தையில் வாங்கிய பூண்டு எந்தத் தோட்டத்துப் பூண்டு என்று மச்சானாலேயே அடித்துச் சொல்ல முடியாது, பூம்பாறையில் அவர் பறித்ததென்றால் வரப்பையே காட்டுவார்.

ஜப்பானின் ஹயபுசா-2 விண்கலம், ரியூகு சிறுகோளிலிருந்து 2020 டிசம்பரில் கொண்டுவந்தது 5.4 கிராம், ஒரு டீஸ்பூன் அளவு. அதில் அமினோ அமிலங்கள் இருந்தன, உயிரணுவில் மரபுச் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளில் ஒன்றான யுராசிலும் வைட்டமின் பி-3-ம் இருந்ததாக 2023-ல் அறிவித்தார்கள். சுத்தத்தில் குறையில்லை, ஆனால் இத்துனூண்டு. அதைவிட என்னை உலுக்கியது 2024-ல் வந்த செய்தி. லண்டனில் சோதித்த ஒரு ரியூகு துணுக்கின் மேல் பூமியின் நுண்ணுயிர்கள் வளர்ந்திருந்தன, எண்ணிக்கை பெருகி, பிறகு குறைந்ததைக்கூடப் பார்த்தார்கள். அத்தனை கோடி கிலோமீட்டர் பத்திரமாக வந்து, காற்றுப் பட்டதும் பூசணம். ஆக, சுத்தம் என்பது டப்பா திறக்கிற வரைக்கும்தான்.

நாசாவின் பென்னு மண் 2023 செப்டம்பர் 24-ல் யூட்டா பாலைவனத்தில் இறங்கியது. மாதிரிப் பெட்டியின் 35 திருகுகளில் இரண்டு மக்கர் செய்ய, கையில் கிடைத்த ஸ்பேனரைப் போட்டுத் திருக முடியாது, நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் எந்தக் கருவி போனாலும் அது மண்ணை அழுக்காக்கக் கூடாது. அதற்கென்றே புதுக் கருவி செய்து 2024 ஜனவரியில்தான் கழற்றினார்கள். வீண்போகவில்லை. உயிர்கள் புரதம் கட்டப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14, டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. எழுத்துகள் ஐந்தும், ஏராளமான அம்மோனியா, 2025 கடைசியில் ரைபோஸும் குளுக்கோஸும்.

ஆனால் என் ஓட்டு இந்தப் பட்டியலுக்காக இல்லை, உப்புக்காக. உவர்நீர் மெல்ல வற்றி விட்டுப்போன சோடியம் உப்புகள் அந்த மண்ணில் அப்படியே இருந்தன. ஐப்பசியில் எங்கள் வீட்டு உப்பு ஜாடி நீர்விட்டுக் கரைகிற மாதிரி, இவையும் பூமியின் ஈரக்காற்றில் கிடந்திருந்தால் காணாமல் போயிருக்கும். விழுந்த கல்லை ஐம்பது வருஷம் சோதித்தாலும் இந்தக் கதை முழுசாகக் கிடைக்காது. மச்சான் கேள்விக்கு என் பதில் இதுதான்.

ஒரு இடத்தில் மட்டும் மர்ச்சிசனைத் தள்ள முடியவில்லை. அமினோ அமிலங்களில் இடக்கை, வலக்கை என்று இரண்டு வடிவம் உண்டு, பூமியில் உயிர்களின் புரதம் இடக்கையைத்தான் எடுத்துக்கொள்கிறது. மர்ச்சிசனில் ஐசோவாலின் என்ற அமிலம் இடக்கைப் பக்கம் சாய்ந்திருந்தது. அது நம் புரதங்களில் இல்லாத சரக்கு, அதனால் 'மண்ணிலிருந்து ஒட்டியது' என்று சுலபமாகத் தட்டிவிட முடியாது. உயிரின் இடக்கைப் பழக்கமே வானத்திலிருந்து வந்ததோ என்று பலரும் ஆசைப்பட்டார்கள். பென்னுவிலும் ரியூகுவிலும் பார்த்தால் இரண்டு கையும் ஏறக்குறைய சரிபாதி. யார் சொல்வது சரி என்று முடிவு கட்ட இன்னும் மண் வேண்டும், இன்னும் கல்லும் வேண்டும்.

மச்சான் மசியவில்லை. பென்னு மண்ணில் குறைந்தது 70 சதவீதத்தை இனிமேல் வரப்போகிற ஆட்களுக்காகத் தொடாமல் வைக்கிறார்கள் என்றதும்தான் கொஞ்சம் நிமிர்ந்தார். "விதைப்பூண்டு எடுத்து வைக்கிறாய்ங்க, அது சரி" என்று சொல்லிவிட்டு மறுபடி அடுப்பை ஊதப் போய்விட்டார்.