மார்கழியில் ஓய்ந்திருக்கும் எவர்சில்வர்: ஈரோட்டுப் பாத்திர வாடகைக் கடை ஒன்றைப் பற்றி

ஈரோட்டில் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஆண்டுதோறும் எழுபது பேர் வருவார்கள். காலை ஆராதனை முடிந்து வரும் உறவினர், எங்கள் வீதிக்காரர்கள், அலுவலக நண்பர்கள் என்று மாலைவரை பந்தி நடக்கும். விருந்து முடிந்ததும் பிரியாணிப் பிசுக்கு ஒட்டிய காகிதத் தட்டுகளும் கப்புகளும் மூன்று சாக்குகளில் வாசலில் நிற்பதும், மறுநாள் அவை வெண்டிபாளையம் குப்பைக் கிடங்கிற்குப் போவதும் சில ஆண்டுகளாகவே என்னை உறுத்தி வந்தன. ஆகவே இம்முறை கடைவீதிப் பக்கம் உள்ள ஒரு பழைய பாத்திர வாடகைக் கடையில் தட்டு, டம்ளர், அண்டா அனைத்தையும் எடுத்தேன்.

காகிதம்தானே, மக்கிவிடும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். குழம்பும் தேநீரும் ஊறி ஒழுகாமல் இருப்பதற்காக அவற்றின் உட்புறம் மெல்லிய பாலித்தீன் பூச்சு கொடுக்கப்படுகிறது. அந்தப் பூச்சு மக்குவதில்லை, காகிதத்திலிருந்து எளிதில் பிரிந்து வருவதுமில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள்களில் பிளாஸ்டிக் பூச்சுள்ள தட்டுகளும் கப்புகளும் அடங்கும். ஆனாலும் டிசம்பர் வந்தால் நட்சத்திரப் படம் போட்ட வெள்ளித்தாள் தட்டுகள் கட்டுக் கட்டாக விற்பனைக்கு வந்துவிடுகின்றன.

கடைக்காரர் பாத்திரங்களை வெறுமனே அள்ளிக் கொடுப்பவர் அல்லர். எத்தனை பேர், சைவமா அசைவமா, உட்கார்ந்து சாப்பிடுவார்களா நின்றபடியா என்று கேட்டு, எழுபது பேருக்கு எண்பது தட்டும் நூறு டம்ளரும் போதும் என்று அவரே கணக்குச் சொன்னார். பதினைந்து கிலோ அரிசிக்குரிய தேக்சா, ரசத்துக்கு மூடியுள்ள தூக்கு, கரண்டிகள், ஜல்லிக்கரண்டி எல்லாம் அவர் போட்ட பட்டியலில் இருந்தன. நான் மறந்திருந்த கைகழுவும் தொட்டியைக்கூட அவர்தான் நினைவுபடுத்தினார். "எண்ணி வாங்குங்க, எண்ணிக் கொடுங்க" என்பதுதான் கடையின் ஒரே நிபந்தனை. தட்டுக்கு மூன்று ரூபாய், டம்ளருக்கு ஒரு ரூபாய் என்ற வாடகையில், டெம்போ கூலியையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, சென்ற ஆண்டு காகிதத் தட்டுகளுக்குச் செலவழித்ததைவிடச் சிறிதளவே கூடியிருந்தது.

அவருடன் பேசியபோதுதான் எனக்கு ஒன்று புலப்பட்டது. மார்கழியில் நம் பக்கம் கல்யாணம் வைப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களில் ஓய்வில்லாமல் ஓடிய பாத்திரங்கள் மார்கழி முழுவதும் பரணில் கவிழ்ந்து கிடக்கின்றன. கிறிஸ்துமஸும் ஆங்கிலப் புத்தாண்டும் சரியாக அந்த மாதத்தில்தான் விழுகின்றன. அதாவது, ஊரில் தட்டுகள் மிகுதியாகச் சும்மா இருக்கும் நாள்களில்தான் நாம் மிகுதியான தட்டுகளை வாங்கி எறிகிறோம். புதிதாக எந்தப் பொருளும் செய்யப்படாமல், இருப்பதை வைத்தே ஒரு பண்டிகையை நடத்திவிடலாம் என்பதற்காகவே இந்தக் கடையைப் பரிந்துரைக்கிறேன். பாக்குமட்டைத் தட்டு நல்லதுதான். ஆனால் அதுவும் ஒருமுறைக்கே உதவும். உட்கார்ந்து உண்ட பெரியவர்களுக்கு வாழையிலை போட்டோம், அவை தோட்டத்து எருக்குழிக்குப் போயின.

கழுவும் தண்ணீர் வீணாகாதா என்று என் தங்கை கேட்டாள், நியாயமான கேள்வி. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் ஆகத்தான் செய்யும். முதலில் எச்சிலை வழித்து, சாம்பலும் சீயக்காய்த்தூளும் கலந்து தேய்த்து, இரண்டு தொட்டிகளில் மாற்றி மாற்றி அலசியதில் ஒன்பது குடம் செலவாயிற்று. சோப்புக் கலவாத அந்தத் தண்ணீரைத் தென்னைக்கு விட்டோம். கழுவித் தந்த இரு பெண்களுக்கும் கூலி கொடுத்து, விருந்தையும் முதல் பந்தியிலேயே பரிமாறினோம். மிச்சமான தட்டுகளைக் கழுவி முடிக்கும்வரை அவர்களைப் பசியோடு நிறுத்தும் வழக்கம் எனக்கு உடன்பாடானதன்று.

குறைகளையும் சொல்ல வேண்டும். காலை ஒன்பது மணிக்கு வர வேண்டிய டெம்போ பத்தரைக்கு வந்தது. அதற்குள் பக்கத்து வீட்டில் தட்டு கேட்கும் நிலை ஏற்பட்டுவிட்டது. தட்டுகளின் ஓரத்தில் பொறித்திருக்கும் கடைப்பெயரின் எழுத்துகளுக்குள் பழைய அழுக்கு படிந்திருந்ததால், வெந்நீரில் ஒருமுறை கழுவிய பிறகே பயன்படுத்தினோம். பத்து டம்ளர்கள் நசுங்கியிருந்தன. எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தந்தது, டம்ளர்களைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி அனுப்பியிருந்ததுதான். திருப்பிக் கொடுக்கும்போது ஒரு கரண்டி குறைந்ததற்கு முன்பணத்தில் எண்பது ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். பிடித்தது சரியே, ஆனால் ரசீது தரவில்லை.

தை பிறந்துவிட்டால் இந்த வசதி இராது. முகூர்த்தங்கள் தொடங்கிவிடுவதால், பொங்கலை ஒட்டிப் பாத்திரம் வேண்டுவோர் மார்கழி முடிவதற்குள் சொல்லிவைப்பது நல்லது. எங்கள் விருந்துக்கு வந்திருந்த எதிர்வீட்டு அக்கா, தம் தோட்டத்தில் நடக்கும் பட்டிப் பொங்கலுக்கு நாற்பது தட்டுகள் வேண்டுமென்று அன்றைக்கே கேட்டார். பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவற்றுக்கும் முன்பணம் கட்டிவிட்டு வந்தேன். டம்ளர்களைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றாமல் கோணிச் சாக்கில் கட்டி அனுப்பச் சொன்னதற்குக் கடைக்காரர் ஒப்புக்கொண்டு, பதிவேட்டிலும் அதைக் குறித்துக்கொண்டார்.