சுகர் ஒன்றுதான், எடை மட்டும் மருந்துக்கு மருந்து மாறும்

எடை குறைய வார ஊசி போடலாமா என்று கேட்பவர்களிடம், இப்போது என்ன சுகர் மாத்திரை போடுகிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். சில மாத்திரைகளே எடையை ஏற்றும்.

கிளிமிபிரைடு மாத்திரை விலை மலிவு, சுகரும் வேகமாக இறங்கும். ஆனால் அது கணையத்தை உசுப்பி இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. அதுவரை சிறுநீரில் போய்க்கொண்டிருந்த சர்க்கரை உடம்பிலேயே தங்குகிறது, கொழுப்பு கரைவதை இன்சுலின் தடுக்கிறது, போதாக்குறைக்கு லோ சுகர் வந்துவிடுமோ என்ற பயத்தில் பதினோரு மணிக்கு இரண்டு பிஸ்கட் வேறு உள்ளே போகிறது. எடை ஏறாமல் என்ன செய்யும்? இன்சுலின் ஊசியிலும் இதே கதைதான்.

மெட்ஃபார்மின் ஏற்றாது, கொஞ்சம் இறக்கும். கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான்: சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களிடம் அமெரிக்காவில் நடத்தி 2002-ல் வெளியிட்ட ஆய்வில் மெட்ஃபார்மின் குழுவுக்குச் சராசரியாக 2.1 கிலோ குறைந்தது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களுக்கு 5.6 கிலோ. மெட்ஃபார்மினை நீண்ட நாள் போடுபவர்கள் வைட்டமின் பி12 குறைகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

டாபாகிளிஃப்ளோசின் மாத்திரைதான் எனக்கு வேடிக்கையாகப் படும். தினம் சுமார் 70 கிராம் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது, அதாவது 280 கலோரி. கணக்குப்படி மாதம் ஒரு கிலோ போக வேண்டும், ஆனால் இரண்டு மூன்று கிலோவோடு நின்றுவிடும், ஏனென்றால் உடம்பு பசியைக் கூட்டி விட்டதைப் பிடித்துவிடுகிறது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது, பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று மட்டும் தொல்லை.

அந்தப் பசியிலேயே கை வைப்பவை டிர்செபடைடு, செமாக்ளூடைடு என்ற வார ஊசிகள். சர்க்கரை நோய் இல்லாத, உடல் பருமன் உள்ளவர்களிடம் இரண்டையும் நேருக்கு நேர் வைத்து 2025-ல் வெளிவந்த ஆய்வில், 72 வாரத்தில் டிர்செபடைடு 20.2 சதவீதமும் செமாக்ளூடைடு 13.7 சதவீதமும் எடையைக் குறைத்தன. சுகர் உள்ளவர்களுக்கு இரண்டுமே இவ்வளவு குறைக்காது. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர் என்றால் செமாக்ளூடைடையும் ஒதுக்கிவிட முடியாது. 2023-ல் வந்த பெரிய ஆய்வில் அது மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றையும் சேர்த்து 20 சதவீதம் குறைத்தது. செமாக்ளூடைடை நிறுத்தியவர்களுக்கு ஒரே வருடத்தில் இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததையும் சொல்லியாக வேண்டும்.

அதனால் ஊசிக்கு முன் பழைய மருந்துச் சீட்டை டாக்டரிடம் காட்டி, கிளிமிபிரைடு எனக்கு இன்னும் தேவையா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். ஊசியோடு அதைப் பழைய அளவிலேயே தொடர்ந்தால் சுகர் ரொம்ப இறங்கிவிடலாம், அளவைக் குறைப்பதை அவர்தான் பார்க்க வேண்டும்.