ஸ்பானிஷும் இத்தாலியனும் ஒரே செயலியில்: எட்டு மாத அனுபவம்

பெயர் வேண்டாம், போனில் மொழி கற்றுத்தரும் செயலிகளில் ஒன்று. எட்டு மாதம் சந்தா கட்டி ஸ்பானிஷ் படித்தேன், நான்காவது மாதம் ஆசை யாரை விட்டது, இத்தாலியனையும் சேர்த்துக்கொண்டேன். ஸ்பானிஷ் மட்டும் இருந்தவரை பெரிய குறை இல்லை. ஒரு வார்த்தை மறக்கப்போகிற நேரம் பார்த்துச் சரியாகத் திரும்பக் கேட்கும். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் அர்த்தமே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டாரே, அதிலிருந்து வளர்ந்த கணக்குதான்.

வம்பு இத்தாலியனோடு வந்தது. 'புர்ரோ' இத்தாலியனில் வெண்ணெய், ஸ்பானிஷில் கழுதை. ஸ்பானிஷ் பாடத்தில் "ரொட்டியும் வெண்ணெயும்" எழுதச் சொன்னதற்கு, கை தன்பாட்டுக்கு ரொட்டியும் கழுதையும் என்று எழுதிவிட்டது. செயலி சிவப்பாகத் 'தவறு' என்று காட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியவே இல்லை, இத்தனைக்கும் முந்தின நாள் எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அதுதான்! புது மொழியில் வார்த்தை சிக்காதபோது பல நேரம் தாய்மொழி உதவிக்கு வருவதில்லை, அரைகுறையாகத் தெரிந்த இன்னொரு அந்நிய மொழிதான் முந்திக்கொண்டு வரும். பல மொழி படிப்பவர்களிடம் ஆய்வாளர்கள் நிறையப் பார்த்த விஷயம் இது, இரண்டும் அக்கா தங்கை மொழிகளாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். செயலியோ ஒவ்வொரு மொழிக்கும் நான் வேறு வேறு ஆள் என்று நினைக்கிறது.

அப்புறம் அந்தத் தொடர் நாள் கணக்கு, ஒரு நாளும் விடாமல் எத்தனை நாள் படித்தோம் என்று செயலி எண்ணிக் காட்டுவது. கிடைப்பதில் வரும் சந்தோஷத்தைவிட இழப்பதில் வரும் வலி பெரிது என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதினார்கள், அதை வைத்தே செயலிக்காரர்கள் ஆளை உட்காரவைக்கிறார்கள். இரவு 11.50-க்கு, கணக்கு அறுந்துவிடக் கூடாதே என்று, தூக்கக் கலக்கத்தில் ஆகச் சுலபமான பாடத்தை எத்தனை முறை தட்டியிருக்கிறேன்! அதுவும் நாலில் ஒன்றைத் தொடுகிற கேள்விகள். பார்த்தால் தெரிகிறது, வாயைத் திறந்தால் வரமாட்டேன் என்கிறது.

ஐந்துக்கு மூன்று. ஒரு மொழி மட்டும் என்றால் நான்கு கொடுக்கலாம். ஸ்பானிஷுக்குச் சந்தாவைத் தொடர்கிறேன். இத்தாலியனை, கேள்வி ஒரு பக்கம் பதில் மறுபக்கம் என்று நாமே அட்டை போட்டுப் படிக்கும் ஆன்கி செயலிக்கு மாற்றிவிட்டேன், கணினியில் இலவசம், குழப்பும் ஜோடிகளை நானே ஒரே அட்டையில் எதிரெதிரே போட்டுக்கொள்ளலாம். முதல் அட்டை கழுதைக்குத்தான்.