பத்து வாரத் தொழில்முனைவு வகுப்பு: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

பன்னிரண்டு முதல் பதினான்கு வயது வரையிலான மாணவர்களுக்குத் தொழில்முனைவையும் பண நிர்வாகத்தையும் கற்பிக்கும் பத்து வார வகுப்பு ஒன்றில் என் மகள் அண்மையில் படித்து முடித்தாள். வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு மணி நேரம். பெற்றோர் பின்வரிசையில் அமர்ந்து பார்க்கலாம் என்பதால் ஒரு வாரமும் தவறாமல் சென்றேன்.

மாணவர்கள் பங்கு விற்று முதல் திரட்டி, ஒரு சிறு நிறுவனத்தை நடத்தி, இறுதியில் அதைக் கலைத்துக் கணக்கு ஒப்படைக்கும் பயிற்சிமுறையை 1919இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஜூனியர் அச்சீவ்மென்ட் அமைப்பு உலகெங்கும் பரப்பியது. இந்த வகுப்பும் அந்தத் தடத்தில்தான் செல்கிறது. ஆனால் காலத்தைச் சுருக்குவதற்காகப் பங்கு விற்பனையை விட்டுவிட்டு, ஒவ்வொரு குழுவுக்கும் வகுப்புக்குள் மட்டும் செல்லும் அட்டை நாணயங்கள் 500 கடனாகத் தருகிறார்கள். பிறர் நம்பிக் கொடுத்த முதலுக்கு ஆண்டு முடிவில் பதில் சொல்வது என்ற பாடம் இதனால் கைநழுவிப்போவது எனக்கு ஒரு குறையாகவே படுகிறது.

ஏழாம், எட்டாம் வாரங்களில் நடந்த கணக்கு முடிக்கும் பாடத்துக்காகவே இந்த வகுப்பைப் பாராட்டலாம். ஐந்து பேர் கொண்ட என் மகளின் குழு கையால் தைத்த குறிப்பேடுகள் 40 செய்தது. தாளுக்கும் நூலுக்கும் 400, கடை வாடகை 60, கடனுக்கு வட்டி 50 என்று 510 நாணயங்கள் செலவாயின. ஒன்று 18 நாணயம் வீதம் 34 குறிப்பேடுகள் விற்று 612 நாணயங்கள் வந்தன. மீந்த ஆறையும் விற்பனை விலையிலேயே மதிப்பிட்டு, லாபம் 210 என்று பிள்ளைகள் பலகையில் எழுதிவிட்டார்கள். விற்காத பொருளுக்கு விற்ற விலையை எப்படிப் போடலாம் என்று ஆசிரியர் கேட்டபோது வகுப்பே அமைதியானது. கையிருப்பை அடக்க விலை, விற்றால் கிடைக்கக்கூடிய தொகை ஆகிய இரண்டில் எது குறைவோ அதில்தான் மதிப்பிட வேண்டும் என்ற விதியை அவர் விளக்கியதும், அடக்கம் ஒன்றுக்கு 10 என்ற கணக்கில் லாபம் 162 ஆகக் குறைந்தது. அதையும் யாராவது வாங்கினால்தான் என்று ஒரு சிறுவன் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அதோடு விடாமல், ஐந்து பேரும் சேர்ந்து எத்தனை மணி நேரம் உழைத்தீர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. முப்பது மணி நேரம். அப்படியானால் ஒரு மணி நேர உழைப்புக்குக் கிடைத்தது ஐந்தரை நாணயத்துக்கும் குறைவு. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பதைப் பிள்ளைகள் தம் கையாலேயே எழுதிப் பார்த்த நாள் அது.

வட்டிப் பாடத்தில் நிறையும் உண்டு, குறையும் உண்டு. 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாக ஏறத்தாழ எத்தனை ஆண்டு ஆகும் என்று தெரியும். 6 சதவீதத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு, 8 சதவீதத்துக்கு ஒன்பது. இதையே திருப்பிப் போட்டு, மூன்று ஆண்டில் இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்பவர் எவ்வளவு வட்டிக்கு வாக்களிக்கிறார், அது எங்கிருந்து வரும் என்று மாணவர்களையே கேட்கவைத்தது நல்ல உத்தி. ஆனால் கூட்டு வட்டியை விளக்கிய அடுத்த பக்கத்திலேயே, மாதம் 2 சதவீத வட்டியில் நிலுவை வளர்ந்தால் ஆண்டுக்கு 24 சதவீதம் ஆகும் என்று கையேடு சொல்கிறது. மாதாமாதம் வட்டி முதலோடு சேரும்போது அது 26.8 சதவீதம். சுட்டிக்காட்டியபோது நன்றி சொன்னார்கள். அடுத்த அணிக்கு வந்த கையேட்டிலும் 24தான் இருந்தது.

தவணைக் கடனுக்கு ஒரு பயிற்சிகூட இல்லை. வீட்டில் நானே மகளுக்கு ஒன்று கொடுத்தேன்: 12,000 கடனுக்கு 10 சதவீதம், அதாவது 1,200 வட்டி சேர்த்து, மாதம் 1,100 வீதம் பன்னிரண்டு தவணை. மாதந்தோறும் முதல் குறைந்துகொண்டே வந்தும் வட்டி முழுத்தொகைக்கே போடப்பட்டிருப்பதால், உண்மையான விகிதம் ஏறத்தாழ 18 சதவீதம் என்பதை அவள் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது.

கடைசி இரண்டு வாரங்கள் முழுவதும் மேடைப்பேச்சுக்கே போயின. வண்ணப் படங்கள், மனப்பாடம் செய்த வாக்கியங்கள், நடுவர்கள், கைதட்டல். எட்டு வாரம் கணக்கு எழுதிய பிள்ளைகளிடம் ஒரு நடுவர்கூடக் கணக்கைக் கேட்கவில்லை. 162 நாணய லாபத்தைப் பற்றி என் மகள் தயாரித்து வைத்திருந்த தாள் பையிலேயே இருந்தது. பரிசு, அடக்க விலையே சொல்லாத ஒரு குழுவுக்குப் போனது.

அடுத்த ஆண்டு என் மகனையும் இதில் சேர்க்க எண்ணியிருக்கிறேன். முதல் எட்டு வாரங்களுக்கு மட்டும் சேர்க்க முடியுமா என்று அலுவலகத்தில் கேட்டேன். அப்படி ஒரு வசதி இல்லை என்றார்கள்.