கிரகணக் கண்ணாடியா, வெல்டிங் கண்ணாடியா, ஊசித்துளையா?

2027 ஆகஸ்ட் 2 அன்று எகிப்தின் லக்சர் நகருக்கு அருகே முழுச் சூரிய கிரகணம் 6 நிமிடம் 23 விநாடி நீடிக்கும். அங்கே போகிறவர்கள் பெட்டியில் எதை எடுத்து வைப்பது?

எக்ஸ்ரே படமும் புகை பிடித்த கண்ணாடியும் பேச்சுக்கே இடமில்லை. தாம்பாளத்து மஞ்சள் நீரும் அப்படித்தான். உச்சி வெயிலில் தண்ணீர் சுமார் 2 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. பாதுகாப்பான வரம்போ 0.0032 சதவீதம். ஏறத்தாழ 600 மடங்கு அதிகம்! விழித்திரைக்கு வலி தெரியாது என்பதால், வெந்துபோனதும் அப்போது தெரியாது.

வெல்டிங் கண்ணாடியில், கருமையின் அளவைச் சொல்லும் எண் 14 என்றால் நல்லது. சூரியன் பச்சையாகத் தெரியும், அவ்வளவுதான் குறை. ஆனால் பட்டறைகளில் சாதாரணமாகப் புழங்கும் 10, 11 எண்கள் போதா. எண்ணை உறுதி செய்ய முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

சூரியனை நேரே பார்ப்பதற்கான ஐஎஸ்ஓ 12312-2 என்னும் சர்வதேசத் தரத்தில் வரும் அட்டைக் கிரகணக் கண்ணாடி எடையில்லாதது, மலிவானது. கீறலோ துளையோ இருந்தால் குப்பைக்குத்தான். அதை மாட்டிக்கொண்டு பைனாகுலரில் பார்ப்பது விபரீதம்: குவிந்த ஒளி அந்தக் கண்ணாடியின் வடிகட்டித் தாளையே பொசுக்கிவிடும். வடிகட்டி பைனாகுலரின் முன்முனையில் இருக்க வேண்டும்.

குழந்தைகள் கூட்டத்துக்கு ஊசித்துளையை மிஞ்ச ஒன்றுமில்லை, சூரியனுக்கு முதுகு காட்டி நிற்பதால். இடியாப்ப அச்சை வெயிலில் பிடித்தால், ஒரு மீட்டர் தள்ளி வைத்த வெள்ளைத் தாளில் 9 மில்லிமீட்டர் அகலப் பிறைகள் வரிசையாக விழும், துளைக்கொரு பிறை.

என் தேர்வு: அட்டைக் கண்ணாடி, துணைக்கு இடியாப்ப அச்சு. ஆனால் முழு மறைப்பின்போது இரண்டுமே வீண். சூரியனைச் சூழ்ந்த கரோனா என்னும் ஒளிமகுடம் முழுநிலவின் அளவுக்குத்தான் ஒளிரும். துளை வழியே அது விழாது, கண்ணாடி வழியே வெறும் இருட்டுதான். கடைசி ஒளிப்பொட்டும் அணைந்தபின் கண்ணாடியைக் கழற்றி வெறுங்கண்ணால் பார்க்க வேண்டும்; மறுபுறம் முதல் பொட்டு மின்னியதும் மீண்டும் மாட்டிவிட வேண்டும்.

2019 டிசம்பர் 26 அன்று கோவையிலும் திண்டுக்கல்லிலும் கங்கணக் கிரகணம் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்கும். அன்று நடுவில் மோதிரம் போல் மிஞ்சியதும் அசல் சூரியனே என்பதால், கண்ணாடியைக் கழற்றும் வேளையே வரவில்லை. லக்சருக்குப் போகாமல் கெய்ரோவிலேயே தங்கிவிடுகிறவர்களுக்கும் அதே நிலைதான்; அந்த நகரம் முழு மறைப்புப் பாதைக்கு வெளியே இருக்கிறது.